முள்ளுக்குப் பத்தாத துடிப்பு

"கத்தி வைக்கக் கூடாதுன்னா கூடாது. நூறு தடவை கேட்டாலும் இதுதான் பதில்."

தையற்காரம்மாவின் குரல் கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவில் வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வரை வந்தது. நாற்காலிகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, எதுவும் காதில் விழாதவர்களின் முகத்தை வைத்துக்கொண்டார்கள். அந்த முகத்தை வைத்துக்கொண்டால்தான் நன்றாகக் கேட்கும்.

"நான் என்ன ஆசைப்பட்டா கேக்கறேன்? அவங்க எரிக்க மாட்டேங்கறாங்கக்கா," என்றான் அவள் தம்பி.

"மாட்டேங்கறாங்கன்னா வேற எடம் பாரு."

"வேற எடம் பாக்க இதென்ன வாடகை வீடா?"

தம்பிக்கு வீட்டுத் தரகுத் தொழில். கோபத்திலும் அவனுக்கு அந்த உவமைதான் வாயில் வந்தது. இருவருக்கும் நடுவில், குளிர்ப்பெட்டிக்குள், சண்டைக்குக் காரணமான அவள் புருஷன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அக்காவும் தம்பியும் குரலை உயர்த்தும்போது அவர் குறுக்கே பேசியதே கிடையாது. அன்றும் பேசவில்லை.

விஷயம் இவ்வளவுதான். மூன்று மணிக்கு மின்தகன மேடையில் நேரம் கேட்டுத் தம்பி போன் செய்திருந்தான். எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக, அந்த ஆபீஸ்காரர் தூக்கக் கலக்கத்தில் கேட்பதுபோல ஒரு கேள்வி கேட்டார்: உடம்புக்குள் பேட்டரி எதுவும் இருக்கிறதா? சுவருக்குள் என்ன இருக்கிறது, ஓதம் ஏறுமா, ஒழுகுமா என்று யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லிப் பழகிய வாய் தம்பியுடையது. அது 'இல்லை' என்று சொல்லத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற அக்கா மகள் போனை நோக்கிக் குனிந்து, "இருக்கு. அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வச்சிருக்கு," என்று சொல்லிவிட்டாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. எழுத்து தெரிகிறதா என்றால் தெரிகிறது, இல்லை என்றால் இல்லை. நடுவில் எதையும் மழுப்பத் தெரியாத பெண்.

அதை எடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் சூட்டில் வெடிக்கும், உள்ளே செங்கல்லே பெயர்ந்துவிடும் என்று சொல்லி அந்த மனிதர் போனை வைத்துவிட்டார்.

"நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?" என்று தம்பி மருமகளைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

"வெடிச்சா அங்க வேலை செய்யறவன் கண்ணு போகும் மாமா," என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு ஆள் இருக்கிறார், வந்தால் ஒரு தேநீர் குடிக்கிற நேரம்தான், சின்னதாக ஒரு கீறல், எடுத்துவிட்டுத் தைத்துவிடுவார், சட்டை போட்டால் வெளியே தெரியாது என்று மகள் அம்மாவிடம் எடுத்துச் சொன்னாள். தையற்காரம்மா கேட்டுக்கொண்டாள். உயிரோடு இருக்கும்போது ஒரு முறை கிழித்தாயிற்று, போதும் என்றாள். அப்படியானால் புதைத்துவிடலாமா, ஊருக்கு வெளியே இடம் கிடைக்கும், ஆனால் நாளைக்குத்தான் என்றான் தம்பி. அதற்கும் அவளால் தலையாட்ட முடியவில்லை. செத்த பிறகு என்ன செய்யவேண்டும் என்பதைப் பற்றி அவர் வாழ்நாளில் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "எரிச்சுடுங்க. செத்த அப்புறமும் எடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கக் கூடாது." வீட்டில் ஒரு சாண் இடம் விடாமல் அடைத்துவைத்த மனிதர் இதைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு, தெருமுனை வரைக்கும் கேட்டது.

தேநீர்த் தட்டோடு உள்ளே வந்திருந்த மாடிவீட்டம்மா, தட்டை வைத்துவிட்டுப் போக மனமில்லாமல், காலி டம்ளர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறந்தவரைத் தெரு டப்பாக்காரர் என்றுதான் சொல்லும். மின்வாரிய அலுவலகத்தில் பில் போடும் பிரிவில் இருந்தார். அங்கே முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொட அனுமதிக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். பதினைந்து வருடம் கழித்து அதையே கழித்துக் கட்டி, பின்படிக்கட்டில் மழையில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம் ஒரு வண்டி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதுதான் தொடக்கம். பிறகு பழைய இரும்புக்கடைக்காரர்களுக்கு அவர் போன் நம்பர் மனப்பாடம் ஆயிற்று. மூடிய பள்ளிக்கூடம், கைமாறிய அச்சகம், யாரோ செத்துப்போன வீட்டுப் பரண் என்று எங்கிருந்தெல்லாமோ மஞ்சள் பாரித்த பெட்டிகள் வந்து இறங்கின. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும் காட்டும் ஒன்று, டேப் ரெக்கார்டரை மாட்டினால்தான் புத்தி வரும் ஒன்று, உள்ளங்கையகல ஃப்ளாப்பியை விழுங்கிவிட்டுப் பசு அசைபோடுவதுபோலச் சத்தம் போடும் ஒன்று.

ஒவ்வொரு பெட்டிக்கும் தையற்காரம்மாவின் வசவு தெருவுக்கு இலவசம். இந்தக் குப்பையை எந்தச் சந்தில் பொறுக்கினீங்க, இதுக்கு நாலு எருமை கட்டியிருந்தா பாலாவது கிடைச்சிருக்கும், கட்டின பொண்டாட்டி நிக்க எடமில்ல, இதுக்கு மெத்தை கேக்குதா. மாடிவீட்டம்மா இதையெல்லாம் வரி பிசகாமல் சொல்லுவார். பாவம், இப்படிப்பட்ட மனுஷனோடு எப்படித்தான் காலம் தள்ளுகிறாளோ என்று தெருவே அவளுக்காக இரக்கப்பட்டது. காலையில் சாவுச் செய்தி பரவியதும், அந்த டப்பாக்களில் ஒன்றுதான் ஷாக் அடித்துவிட்டது என்று இரண்டு பேர் நேரில் பார்த்ததுபோல உறுதி சொன்னார்கள். டாக்டர் வந்து இதயம் என்று சொல்லிவிட்டதில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் அவர் சரிந்திருந்தார். குளித்துவிட்டு வந்த தையற்காரம்மா முதலில் பார்த்தது பொங்கி வழிந்த பாலைத்தான். திட்டுவதற்கு வாயைத் திறந்தபடியேதான் சமையலறைக்குள் நுழைந்தாள்.

இந்தத் தெருவுக்குத் தெரியாமல் ஒரு காரியம் நடந்தது உண்டு என்றால், அது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெட்டிகளைப் பழுது பார்த்தது அவர் அல்ல.

முதலில் அவர்தான் பார்த்தார். ஓய்வு பெற்ற வருடம் கையில் நடுக்கம் வந்தது. எழுதும்போது தெரியாது, டம்ளர் பிடிக்கும்போது தெரியாது. ஈயம் பற்றவைக்கும் கம்பியை எடுத்தால் மட்டும் விரல் நிற்காது. பெட்டிக்குள் இருக்கும் சில்லுகளுக்கு நகத்தைவிடச் சின்னக் கால்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் பற்றவைக்க வேண்டும். ஒரு நாள், ஆறு மாதம் தேடிக் கிடைத்த ஒரு சர்க்யூட் பலகையில் ஈயத்தைக் கொட்டிவிட்டு, அதைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பள்ளிச் சீருடைக்குப் பொத்தான்துளை போட்டுக்கொண்டிருந்த அவள், தன் வேலையை வைத்துவிட்டு வந்தாள். நகருங்க என்றாள். முப்பது வருடம் ஊசிமுனையைப் பார்த்த கண். ஒரு இழை இப்படி அப்படிப் போகாத கை. அவர் விளக்கைப் பிடித்தார். அவள் பற்றவைத்தாள். அன்றிலிருந்து அதுவே பழக்கமாயிற்று.

தெரு கேட்ட வசவெல்லாம் அப்போது வந்தவைதான். அவளுக்குக் கை வேலை செய்யும்போது வாயும் வேலை செய்தாக வேண்டும். குனிந்து, மூச்சை அடக்கி ஒரு முனையைப் பற்றவைத்து முடித்ததும், அடக்கிய மூச்சு வசவாக வெளியே வரும். அவர் அதற்கு உம் கொட்டிக்கொண்டே விளக்கை அடுத்த முனைக்கு நகர்த்துவார்.

எந்தப் பெட்டி வந்தாலும் அவருடைய முதல் வேலை ஒன்றுதான். மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதில்லை, துடைப்பதுகூட இல்லை. மூடியைத் திறந்து, பலகையின் மூலையில் சுண்டுவிரல் பருமனில் இருக்கும் பேட்டரியைத் தேடி அகற்றுவார். பெட்டியை நிறுத்தி இருபது வருடம் ஆகியிருந்தாலும், தேதியும் மணியும் மறந்துபோகாமலிருக்க அந்தச் சின்ன பேட்டரி தன்னந்தனியாக உழைத்துக்கொண்டிருக்கும். உழைத்து உழைத்து ஒரு நாள் கசியும். கசிந்த திரவம் பச்சையாகப் பூத்து, செம்புக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தின்றுவிடும். அதை வெட்டி எடுக்க ஒரு முறை உண்டு. இரண்டு காலையும் ஒரே வெட்டில் வெட்டக் கூடாது. வெட்டும் இரும்பே இரண்டுக்கும் பாலமாகிவிடும். அவசரத்தில் ஒரு முறை அவள் அப்படி வெட்டிவிட்டாள். சுருக்கென்று ஒரு பொறி. பலகை போயிற்று. அதுபோல இன்னொன்று அந்த ஊரிலேயே கிடையாது. அவர் கோபிக்கவில்லை. பரவாயில்லை என்று மட்டும் சொன்னார். அந்தப் பரவாயில்லையை அவளால் வெகுநாள் செரிக்க முடியவில்லை.

பதினொன்றரை மணி வாக்கில் மீட்டர் வந்து சேர்ந்தார். வருமானவரி அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் எப்போதும் முள் வைத்த பழைய மின்அளவி ஒன்றைத் துருத்திக்கொண்டு திரிவதால் தெரு வைத்த பெயர் அது. டப்பாக்காரருக்கு உலகத்தில் இருந்த ஒரே சிநேகிதர். மனைவியை இழந்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கேதான் கிடப்பார். சாவு வீட்டுக்கும் அந்த அளவியோடுதான் வந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, அண்ணே என்று ஒரு முறை கூப்பிட்டுவிட்டு, கைக்குட்டையால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டார்.

அழுது முடித்ததும் நியாயம் பேச ஆரம்பித்தார். அவருக்கு அழுகையும் விளக்கமும் ஒரே குழாயில் வரும். சண்டை எதைப் பற்றியது என்று தெரிந்ததும், அண்ணி, அதை எடுத்துத்தான் ஆகணும் என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அதுக்கு ஒண்ணும் தெரியாது பாருங்க. இப்பவும் உள்ள அடிச்சுக்கிட்டுதான் இருக்கும்."

 மகள் அவரைப் பார்த்த பார்வையில், வேறு ஆளாக இருந்தால் எழுந்து போயிருப்பார். மாடிவீட்டம்மா அடுக்கிய டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் எழுப்பின. அவரோ அதோடு நிறுத்தவில்லை. அதை எடுத்ததும் பழைய பெட்டிகளோடு நம்ம அலமாரியில் வைக்கவேண்டும் என்று அண்ணன் தன்னிடம் சொல்லியிருக்கிறார் என்று வேறு சொன்னார். தம்பிக்கு அதுவரை அக்காமீது வந்த கோபமெல்லாம் இறங்க ஒரு இடம் கிடைத்தது. மனுஷன் செத்துக் கிடக்கான், உங்களுக்கு உதிரிப்பாகம் கேக்குதா என்று சட்டையைப் பிடிக்காத குறையாகப் பாய்ந்தான்.

தையற்காரம்மா எழுந்தாள். யாரையும் பார்க்காமல் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழப் போகிறாள், விடுங்கள் என்று மாடிவீட்டம்மா எல்லாருக்கும் அறிவித்தார்.

மீட்டர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை. காலையிலேயே தெரியும். சமையலறைத் தரையில் அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டபோது, அவள் கை தானாக இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே போயிற்று. தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவு மேடு. மதியம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும்போது அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். எதுவும் தெரியாது, அது ஒரு மேடு, அவ்வளவுதான். ஆனாலும் வைப்பாள். அதைப் பொருத்திய புதிதில் அவர், "எங்கிட்ட இருக்கறதுலயே புது மாடல் இதுதான். பத்து வருஷம் கேரண்டி," என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சட்டையை விலக்கிக் காட்டினார். யாராவது வாழ்த்துச் சொன்னால், கேரண்டி எனக்கு இல்லை, அதுக்கு என்பார். இதயம் தன் வேலையைச் செய்கிறதா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும், சுணங்கினால் ஒரு தட்டுத் தட்டும் என்று டாக்டர் அப்போது சொல்லியிருந்தார். அவர் தூங்கினால் என்ன செய்யும் என்று அவள் கேட்டாள். "அது தூங்காதும்மா," என்றார் டாக்டர்.

ஆக, காலையிலிருந்து அது தட்டிக்கொண்டிருந்தது. ஆளில்லாத வீட்டுக் கதவை. இந்த வீட்டில் அவருக்காக இன்னும் ஏதோ ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. அதை நிறுத்த நீ கையெழுத்துப் போடு என்கிறார்கள். இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவன் டாக்டரைக் கூப்பிடுவான்.

பின்னறையில் மேஜைமேல் கடைசியாக வந்த பெட்டி மூடி திறந்தபடி இருந்தது. மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் கிடங்கிலிருந்து வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை இருவருமாகத் திறந்தார்கள். மூலையில் பேட்டரி பச்சை பூத்திருந்தது. அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, இன்னும் ஆழமா இறங்கல, தப்பிச்சது என்றார். பாழாப்போன பேட்டரி என்று அவள் திட்டியபோது, வழக்கத்துக்கு மாறாக அவர் உம் கொட்டவில்லை.

"அதைத் திட்டாத. மெஷினை நிறுத்திட்டாங்கன்னு அதுக்கு யாரும் சொல்லல. அது பாட்டுக்கு வேலையைப் பாத்துக்கிட்டிருக்கு."

"சொல்லித் தொலைக்கறதுதானே."

"நீயே சொல்லேன்," என்று வெட்டும் குறட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அந்த நேரம் பார்த்து யாரோ திரைச்சீலைத் துணியோடு வந்து கூப்பிட்டார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று அவள் எழுந்து போய்விட்டாள். அந்த நாளை அதற்கப்புறம் வரவேயில்லை. திரைச்சீலை வேலை வாரம் முழுக்க இழுத்துவிட்டது.

தையற்காரம்மா மேஜை விளக்கைப் போட்டாள். விளக்குப் பிடிக்க ஆளில்லாததால் அதன் கழுத்தை வளைத்து, கோணம் பார்த்து, இன்னும் கொஞ்சம் வளைத்தாள். குறட்டை எடுத்தாள். ஒரு காலை வெட்டினாள். குறட்டை வெளியே எடுத்து, முந்தானையில் துடைத்துவிட்டு, இன்னொரு காலை வெட்டினாள். பேட்டரி பலகையிலிருந்து கழன்று உள்ளங்கையில் விழுந்தது. பச்சைப் பூ விரலில் ஒட்டியது. வாய் மட்டும் எதுவும் சொல்லவில்லை. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அந்த ஆஸ்பத்திரி ஆளை வரச் சொல்லு," என்றாள் மகளிடம். "எடுக்கறப்ப நான் பக்கத்துல இருப்பேன். அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான்."

அக்கா மனசு மாறியது தன் பேச்சினால்தான் என்று தம்பி நாற்காலிகளில் இருந்தவர்களிடம் போய்ச் சொன்னான்.

ஆஸ்பத்திரி ஆள் நடுத்தர வயது, பேச்சு குறைவு. வாசலில் செருப்பை ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டு வந்தார். கூடத்தைக் காலி செய்தார்கள். மாடிவீட்டம்மாவை வெளியே அனுப்புவதற்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. சொந்தக்காரர்கள் யாரும் நிற்பதில்லையே, உங்களால் பார்க்க முடியாதும்மா என்று வந்த ஆள் தயங்கினார். தையற்காரம்மா மேஜை விளக்கைக் கொண்டுவந்து செருகி, கையில் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்தபோது அவருடைய நிழல் விழாத பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தது. கை நகர்ந்தபோதெல்லாம் கேட்காமலேயே வெளிச்சமும் நகர்ந்தது. அவர் ஒரு முறை நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

பழைய தழும்பின் மேலேயே கீறினார். ரத்தம் என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை. மேட்டை விரலால் அழுத்தியதும் அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது: சாம்பல் நிறம், மழுங்கிய ஓரங்கள், ஆற்றுக் கூழாங்கல்போல. அதன் தலையிலிருந்து இரண்டு கம்பிகள் உள்ளே போயின. அவர் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் கத்தரியை எடுத்தார்.

"ரெண்டையும் சேத்து வெட்டாதீங்க," என்றாள் தையற்காரம்மா. "ஒண்ணொண்ணா."

அப்படி ஒன்றும் ஆகிவிடாது என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ எடுத்தவர். 

"சரிம்மா," என்றார். ஒன்றை வெட்டினார். கத்தரியை விலக்கினார். அவள் தலையசைக்கும்வரை காத்திருந்துவிட்டு, இன்னொன்றை வெட்டினார்.

அவள் விளக்கைத் தைக்கவேண்டிய முனைக்கு நகர்த்தினாள். 

அவர் தைத்து முடித்ததும் அவள் குனிந்து பார்த்தாள். நடுவில் இடம் விட்டிருக்கு, இன்னொன்னு போடுங்க என்றாள். அவர் போட்டார்.

வழக்கமாக இதை நாங்களே எடுத்துப் போய்விடுவோம் என்று அவர் ஒரு பிளாஸ்டிக் டப்பியில் அதைப் போட்டு மூடப்போனார். தையற்காரம்மா ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து மீட்டரைக் கூப்பிட்டாள். தம்பி முறைத்தான். மீட்டர் உள்ளே வந்து, சாமான்களைத் தொடக் கூடாது என்று சொல்லப்பட்ட பையனைப்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"அலமாரிக்கு வேணும்னீங்களே, பாத்துக்குங்க," என்றாள்.

அவர் ஆஸ்பத்திரி ஆளிடம் கேட்டுக்கொண்டு, அதைக் கைக்குட்டையில் வாங்கி, ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் தடுக்காததால், சட்டைப்பையிலிருந்து அளவியை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் வெட்டுப்பட்ட கம்பிகளில் வைத்தார். இருவரும் முள்ளைப் பார்த்தார்கள். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. மீட்டர் அளவியின் திருகை ஒரு கட்டம் திருப்பினார். இன்னொரு கட்டம் திருப்பினார்.

"நின்னுடுச்சா?" என்றாள் அவள்.

மீட்டருக்குப் பொய் வராது. 

"இல்லண்ணி. ஓடுது. அந்தத் துடிப்பு இந்த முள்ளுக்குப் பத்தாது."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கையிலிருந்து அதை வாங்கி, ஆஸ்பத்திரி ஆளிடம் கொடுத்தாள். அலமாரிக்கு வேண்டாமா என்று மீட்டர் கேட்கவில்லை. வேறொன்று சொன்னார். அண்ணன் பற்றவைத்த மாதிரி தான் இதுவரை எங்கேயும் பார்த்ததில்லை, ஒவ்வொரு முனையும் கடுகு உருட்டி வைத்ததுபோல இருக்கும், அந்தக் கை இனிமேல் எங்கே கிடைக்கும் என்றார். மறுபடி கைக்குட்டை முகத்துக்குப் போயிற்று. கதவோரம் நின்ற மகள் அம்மாவைப் பார்த்தாள். தையற்காரம்மா விளக்கின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றாள். "நல்ல கை."

மூன்று மணிக்கு எல்லாம் குறித்தபடி நடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத் தெரு தன் வசதிக்கு ஏற்பச் சொல்லும். மகள் அடுத்த வருடமே, கூட வேலை செய்த, கண்ணாடிக்கு வில்லை தீட்டும் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, ரயிலில் ஒரு ராத்திரி போகவேண்டிய ஊருக்குப் போய்விட்டாள். தெருவுக்கு அழைப்பு இல்லை. தெரு அதை இன்னும் மன்னிக்கவில்லை. மீட்டர் அந்த வீட்டுக்கு ஞாயிறு தவறாமல் வந்துபோனதில் மாடிவீட்டம்மாவுக்குச் சில எதிர்பார்ப்புகள் இருந்தன. அவற்றில் மண்ணைப் போடுவதுபோல, மீட்டர் அறுபத்து நான்காவது வயதில் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அந்த அம்மாவின் ஊரோடு போய்விட்டார். போகும்போது பெட்டிகளில் பாதியைக் கொண்டுபோனார். மீதியில் பெரும்பகுதியைத் தொழிற்கல்லூரி ஒன்று வந்து ஏற்றிப்போயிற்று. வீட்டைத் தம்பிதான் விற்றுக் கொடுத்தான். ஓதம் ஏறுமா என்று வாங்க வந்தவர் கேட்டபோது, மழைக்காலத்தில் வடக்குச் சுவரில் கொஞ்சம் ஏறும் என்று அவன் சொன்னானாம். தரகு உலகத்தில் அது பெரிய செய்தி.

தையற்காரம்மா மகள் ஊருக்குப் போனாள். மகள் வீட்டுக்கு அல்ல, அதற்கு அடுத்த தெருவில் தனியாக இரண்டு அறை எடுத்துக்கொண்டு. சாமான்களை ஏற்றிய வண்டியில் தையல் மிஷின், அலமாரி, கட்டில் எல்லாம் பின்னால் போயின. அவள் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். மடியில், துணி சுற்றிய, அந்தப் பெட்டிகளில் ஒன்றின் பழைய கீபோர்டு. பின்னாடி போட்டுடலாமேம்மா என்று ஓட்டுநர் கையை நீட்டினார். இருக்கட்டும் என்றாள். மாடிவீட்டம்மா பால்கனியிலிருந்து இரண்டு முறை கையசைத்தார். அதை அவள் பார்த்தாளா என்று இன்றுவரை சந்தேகம்தான். எங்கள் தெரு குண்டும் குழியுமான தெரு. வண்டி முனை திரும்பும்வரை அவள் இரண்டு கைகளும் கீபோர்டின்மேல்தான் இருந்தன, அது குலுங்கிவிடாமல்.